கருடன் வரும் என்றாள் லில்லி

எங்கள் பம்ப் கம்பெனிக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் காடு இருந்தது. ஐந்து ஏக்கர் என்பது பத்திரத்தில். உள்ளே போய் வழி தவறியவர்களைக் கேட்டால் ஐநூறு என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ், எங்கள் காம்பவுண்டை நெருங்கினால் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் காற்று வாங்க அந்த ஜன்னல் பக்கம் நகர்வார்கள். சந்தேகப்படுகிறவர்கள் அந்த ரூட் கண்டக்டர்களைக் கேட்கலாம். அவர்கள் எல்லோரும் ரிடையர் ஆகி எங்கெங்கோ போய்விட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

அந்தக் காட்டை உண்டாக்கியவள் லில்லி. அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் நட்டது கம்மி சார். மத்தவங்க கைய வெக்காம பாத்துக்கினேன், அவ்ளோதான்" என்பாள்.

லில்லி எங்கள் நிர்வாக அதிகாரி. தொண்ணூற்று நாலில் வந்து சேர்ந்தாள். குட்டையான உருவம். குரல் மட்டும் ஆறடி. கேன்டீனில் அவள் சாம்பார் கேட்டால், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஓரிக்கையில் யாராவது கரண்டியைத் தூக்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. நடுவில் வறண்ட குட்டை ஒன்று, அதன் கரையில் கம்பெனிக்குத் தாத்தா வயதில் ஓர் இலுப்பை மரம். எல்லோரும் குப்பை கொட்டுகிற அந்த இடத்தைப் பார்த்து, ஜவுளிக் கடைக்குள் நுழைந்த கல்யாணப் பெண் மாதிரி அவள் முகம் மலர்ந்தது. ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் ஸ்டோர்ஸ் மேனேஜர் முரளீதரன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை எல்லாம் சொன்னால் பொழுது விடிந்துவிடும். கேன்டீன் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கோரைப் புல்லுக்குள் ஓடவிட்டுத் தெளியவைத்துக் குட்டைக்குத் திருப்பினாள். சீமைக் கருவேலத்தைப் பகுதி பகுதியாக வேரோடு எடுத்தாள். அந்த இடத்தில் நாவலும் புங்கனும் நுணாவும் நொச்சியும் வைத்தாள். விதையெல்லாம் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து வந்தது. பின்பக்க விளக்குகளை அணைத்தாள். பூச்சி மருந்து டப்பாவோடு யாராவது அந்தப் பக்கம் போனால் குரலாலேயே திருப்பி அனுப்பினாள். மற்றபடி சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்ததுதான் பெரிய வேலை என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

இரண்டு மழை போதும். எங்கிருந்து தகவல் போயிற்றோ, ஒவ்வொன்றாகக் குடிவந்தன. முக்குளிப்பான் வந்தது, மீன்கொத்தி வந்தது, செம்போத்து வந்தது. கீரி குடும்பத்தோடு வந்தது. உடும்பு ஒன்று தினம் காலையில் டைம் ஆபீஸ் வாசலில் வெயில் காயும். அதற்கும் அட்டெண்டன்ஸ் போடலாம், எங்கள் ஆட்கள் பலரைவிட ஒழுங்காக வந்தது. வண்ணத்துப்பூச்சிகளோ, ஐப்பசியில் கணக்கு டிபார்ட்மெண்ட் உள்ளே புகுந்து ஃபைல்களை மறைத்துவிட்டன. ஆடிட்டர் அன்றைக்கு வேலை செய்யாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாயிரத்து ஒன்று மார்கழியில் இலுப்பை மரத்தின் உச்சியில் ஒரு ஜோடி வந்து சுள்ளி அடுக்கியது. செம்மண் நிறச் சிறகு, பால் வெள்ளை மார்பு. கருடன்.

எங்கள் சின்னக் காஞ்சிபுரத்தில் கருடன் என்றால் சாதாரண விஷயமா? வைகாசியில் கருட சேவைக்கு ஊரே விடியும் முன் தெருவில் நிற்கும். என் மனைவி பெருந்தேவிக்குச் சேதி சொன்ன மறுநாளே அவள் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டாள், கையில் என் டிபன் பாக்ஸ் என்ற சாக்கோடு. மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் காலி. அவசரத்தில் சாதம் வைக்க மறந்திருந்தாள்.

குஞ்சு பொரித்தது. லில்லி தினம் மதியம் என் ஜன்னலில் வந்து நின்று பார்ப்பாள். "வளந்துடுச்சு சார், ரெக்கைய விரிச்சு விரிச்சு பாக்குது" என்பாள். சொந்தக்காரப் பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிற மாதிரி ஒரு கவலை.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஆதிகேசவனுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது.

ஆதிகேசவன் கெட்டவரில்லை. அவருக்குப் பச்சை பிடிக்கும், ஆனால் அது ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கம்பெனிக்கு முன்னால் கொரியன் புல் போட்டு வளர்த்திருந்தார். அதன் மேல் ஒரு காகம் உட்கார்ந்தாலும் காவலாளியைக் கூப்பிடுவார். அந்தப் புல் ஒரு வேளைக்குக் குடித்த தண்ணீரில்தான் பாலாறு வற்றிப்போயிற்று என்று நான் இன்றைக்கும் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள், கார் நிறுத்தப் பின்பக்கத்தை மட்டம் செய்ய வேண்டும், இலுப்பையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சேர்மனிடம் போய்ச் சொன்னார்.

சேர்மன் கலியாணசுந்தரம் ஐயா பக்திமான், இளகிய மனசுக்காரர். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்று நினைப்பார். அதனால் மீட்டிங்கில் எல்லோரும் கடைசியாகப் பேசக் காத்திருப்போம். அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஐயா, வெளிநாட்டுக்காரன் வந்து எறங்கினா காரை எங்க நிறுத்துறது?" என்றார் ஆதிகேசவன். "பின்னாடி பாம்பும் பல்லியுமா கெடக்குது."

"முன்னாடி அவ்ளோ பெரிய புல்லு இருக்குதே சார், அதுல நிறுத்துங்களேன்" என்றாள் லில்லி.

"புல்லுலயா? அது லானும்மா!"

"அதுமேல ஆளும் நடக்கல, மாடும் மேயல. காராவது நிக்கட்டுமே."

சேர்மன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டென்னிஸ் பார்க்கிறவர் மாதிரி கழுத்து போயிற்று.

"ஐயா, அந்த எலுப்ப மரத்துல கருடன் கூடு கட்டி இருக்குது. குஞ்சு இன்னும் பறக்கல" என்றாள் லில்லி.

"கருடனாம்! இந்தம்மா காக்காயக்கூட கருடன்னு சொல்லும்" என்றார் ஆதிகேசவன்.

சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருடனா? நம்ம காம்பவுண்டுக்குள்ளயா?" அவர் கண்கள் ஜன்னலைத் தாண்டி வாசல் பிள்ளையார் கோயிலுக்குப் போயின. அந்தச் சின்னக் கோயிலைப் புதுப்பித்து, பங்குனியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தார். எங்கள் பக்கத்தில் யாகம் எத்தனை நடந்தாலும், ஆகாயத்தில் கருடன் வட்டமிடுவதைப் பார்த்த பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவது. அது வரும்வரை ஊரே அண்ணாந்து நிற்கும். "ஏம்மா லில்லி, அப்போ நம்ம கும்பாபிஷேகத்துக்கு அது வருமா?"

"வரும் ஐயா" என்றாள் லில்லி. யோசிக்கவே இல்லை.

"வரலன்னா?" என்றார் ஆதிகேசவன்.

"வரலன்னா அன்னைக்கு சாயங்காலமே மரத்த வெட்டிக்குங்க. நான் வாயே தெறக்க மாட்டேன்."

லில்லி வாய் திறக்க மாட்டாள் என்பது மரம் விழுவதைவிடப் பெரிய சேதி. சேர்மன் மேசையைத் தட்டி, "சரி, அப்படியே வெச்சிக்குவோம்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னடியம்மா, கருடன் உன் டிபார்ட்மெண்ட்லயா வேல பாக்கறது? மெமோ அனுப்பிச்சா வந்துடுமா?"

"காலைல முகூர்த்தம் வெச்சிருக்காங்களே, அந்த நேரத்துக்குத்தான் சார் தென்னேரி ஏரியிலேர்ந்து மீனு எடுத்துக்கினு வருது. தெனம் வருது. அன்னைக்கு மட்டும் வராமயா போயிடும்?"

"அன்னிக்கு லீவு போட்டுட்டா?"

லில்லி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வேட்டு மட்டும் வெடிக்கக் கூடாது சார். அதுக்கு சத்தம் ஆவாது."

விழா ஏற்பாடெல்லாம் ஆதிகேசவன் பொறுப்பு என்பதால் அவரிடம் போய்க் கேட்டாள். வேட்டு வாங்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். அவர் பங்குக்கு மரம் வெட்டுகிற ஆட்களை மட்டும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

கும்பாபிஷேக நாள் வந்தது. காலையிலேயே கூட்டம் பெருகிவிட்டது. கம்பெனி ஆட்கள், அவர்கள் வீட்டார், சுற்றியிருந்த கிராமங்கள், போகிற வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய பயணிகள். லட்சம் பேர் இருக்கும். இருநூறுக்குத்தான் இலை போட்டார்கள் என்று கேன்டீனில் சொல்வதை நம்ப வேண்டாம். மரம் வெட்டுகிறவர்கள் மின்ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்தலில் முதல் வரிசையில் இடம்பிடித்திருந்தார்கள். லில்லி அவர்களைத் தாண்டிப் போகும்போது ரம்பத்தைப் பார்க்காமல் போனாள்.

கோயில் சின்னது என்றேன் அல்லவா? விமானம் மாடி வீட்டு உயரம்தான். அதை ஒட்டிச் சாரம் கட்டி, நமச்சிவாய குருக்கள் தலையில் புனித நீர்க் குடத்தோடு ஏறி நின்றார். மேளம் முழங்கியது. எல்லோரும் அண்ணாந்தார்கள்.

டமார்!

பூமி ஒரு முழம் இறங்கி ஏறியது. டமார், டமார் என்று மேலும் இரண்டு. காட்டிலிருந்த அத்தனை பறவைகளும் எழும்பி ஆகாயம் கறுத்தது. கொக்கு, காகம், மடையான், எல்லாம் நாலா பக்கமும் சிதறின. அதில் கருட ஜோடியும் தென்னேரி திசையில் புள்ளியாகி மறைந்ததை நான் பார்த்தேன்.

புகைக்குள்ளிருந்து பெருமையாக நடந்து வந்தான் கண்ணாயிரம். எங்கள் ஹெட் வாட்ச்மேன். லில்லியோடு சேர்ந்து சீமைக் கருவேலம் தோண்டிக் கை காய்த்துப் போனவன். அவளுக்காக மலையைப் புரட்டு என்றால், எந்த மலை என்றுதான் கேட்பான்.

"யோவ் கண்ணாயிரம்! வேட்டா வெச்ச?" லில்லியின் குரல் மேளத்தை அமுக்கியது.

"ஆமா மேடம். என் சொந்தச் செலவு" என்றான் கண்ணாயிரம், முகமெல்லாம் பல்லாக. "கருடன் வரணும்னு வாக்கு குடுத்துட்டீங்களே. நம்ம சாமிக்கு கும்பாபிஷேகம்னு அதுக்குத் தெரிய வேணாமா? எங்க ஊர்ல வேட்டு சத்தம் கேட்டாத்தான் வரும்னு சொல்வாங்க. கூப்ட்டு வுட்டேன்!"

லில்லி அவனைத் திட்டவில்லை. வாயைத் திறந்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். இலுப்பையைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டின் விளிம்பில் எப்போதும் தெரியும் குஞ்சின் தலையும் இல்லை.

காத்திருந்தோம். ஆகாயம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. ஒரு ஈ கூட இல்லை. முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேலிருந்து குருக்கள், "அம்மா லில்லி, என் கழுத்தும் இந்த ஊர்க் கழுத்துதாம்மா, தாங்கணும் இல்லையா?" என்றார். ஆதிகேசவன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்தார். ரம்பக்காரர் ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். லில்லியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு வரதராஜப் பெருமாளே கதி என்றிருந்தது, பிள்ளையார் கோயிலில் நின்றுகொண்டு.

அப்போது பொத்தென்று ஒரு சத்தம்.

விமானத்தின் கலசத்தின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பறவை விழுந்து, வழுக்கி, சிறகடித்து, தொற்றிக்கொண்டது. செம்மண்ணும் இல்லை, வெள்ளை மார்பும் இல்லை. சேற்றில் புரண்டு வந்த மாதிரி ஒரு நிறம்.

"ஐயய்யோ, பருந்து! கலசத்து மேல பருந்து குந்திக்கினு இருக்குதுப்பா!" என்று கூட்டம் அலறியது. கலசத்தில் பருந்து உட்கார்ந்தால் நல்லதில்லை என்று அதற்குள் நாலு பேர் சாஸ்திரம் சொல்லிவிட்டார்கள். மேளக்காரர்கள் விரட்டுவதற்காக இன்னும் ஓங்கி அடித்தார்கள். கண்ணாயிரம் கல் பொறுக்கக் குனிந்தான். ஆதிகேசவன் பந்தலிலிருந்து ஒரு நீளமான மூங்கில் கழியை உருவிக்கொண்டு ஓடினார். சேர்மனே, "விரட்டுங்கப்பா, விரட்டுங்க" என்று துண்டை வீசினார்.

லில்லி நாற்காலி மேல் ஏறினாள். மைக்கைப் பிடுங்கினாள். மைக் கரகரவென்று செத்துப்போயிற்று. அவளுக்கு அது எதற்கு?

"நிறுத்துங்க!"

மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. சாலையில் ஒரு லாரி பிரேக் போட்டது. கண்ணாயிரம் குனிந்தபடியே நின்றான்.

"அதுதான் கருடன்! குட்டிக் கருடன்! சின்ன வயசுல இப்படித்தான் பழுப்பா இருக்கும், பெருசானாத்தான் செவப்பும் வெள்ளையும். வாலைப் பாருங்க, பருந்துக்கு நடுவுல பொளந்திருக்கும். இது விசிறி மாதிரி வட்டமா இருக்குது பாருங்க. வேட்டுக்குப் பயந்து கூட்ட வுட்டு குதிச்சிருக்குது. இன்னைக்குத்தான் முதல் முதலா பறக்குது!"

லட்சம் பேரும் வாலைப் பார்த்தார்கள். கருட சேவையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற நான் உட்பட, கருடனுக்குக் குழந்தைப் பருவம் உண்டு என்று அன்றைக்கு வரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. துண்டை வீசிய சேர்மன் அதே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்போ அம்மா தேடிக்கினு வரணும்னா சத்தமே கூடாது" என்றாள் லில்லி. "யாரும் மூச்சுகூட வுடாதீங்க."

காஞ்சிபுரம் என்ற ஊர் உண்டான நாள் முதல், தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் மேளமும் வேட்டும் மந்திரமும் இல்லாத கும்பாபிஷேகம் அது ஒன்றுதான். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அழுத குழந்தைகள் அழுகையைக் கையில் பிடித்துக்கொண்டன. சாரத்தின் மேல் குருக்களும் குஞ்சும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொத்துமாம்மா?" என்றார் குருக்கள், உதடு அசையாமல்.

"கொத்தாது சாமி. அது பயந்துபோய் இருக்குது."

"நானும்தான்."

குஞ்சு வாயைத் திறந்து கத்தியது. சிணுங்கல் மாதிரி நீளமான ஒரு குரல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தென்னேரிப் பக்கம் ஒரு புள்ளி. புள்ளிக்குச் சிறகு முளைத்தது. சிறகுக்குச் செம்மண் நிறம் வந்தது. வெயிலில் அந்த வெள்ளை மார்பு பளீரென்று திரும்பியது.

ஒருவரும் கத்தவில்லை. கத்தாமல் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதில் மட்டும் நான் ஒரு பிடி உப்பும் கூடுதலாகப் போடவில்லை.

விமானத்தின் மேலே அது வட்டமிட்டது. மூன்று சுற்று என்பார் சேர்மன். ஐந்து என்பான் கண்ணாயிரம். நான் எண்ணியது பதினொன்று. குருக்கள் ஒரு நொடி வீணாக்கவில்லை, குடத்தைக் கவிழ்த்தார். தலையில் தண்ணீர் பட்டதும் குஞ்சு திடுக்கிட்டுக் கீழே தாவி, சுதையில் செய்த மூஞ்சுறு வாகனத்தின் முதுகில் போய் உட்கார்ந்தது. பிள்ளையாரின் வாகனத்தின் மேல் பெருமாளின் வாகனம். பெருந்தேவி என் கையைக் கிள்ளினாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு காரியம் நடந்தது. அம்மா கருடன் குஞ்சுக்காகக் கொண்டுவந்த மீன் காலிலிருந்து நழுவியது. நழுவி, கழியோடு நின்றுகொண்டிருந்த ஆதிகேசவனின் பட்டுச் சட்டைத் தோளில் சொத்தென்று விழுந்தது. அரை ஆள் நீள விரால். விரல் நீளக் கெண்டை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் தூரத்தில் நின்றவர்கள்.

"நான் தண்ணிய ஊத்தி முடிச்சுட்டேன்" என்றார் குருக்கள் மேலேயிருந்து அவசரமாக. "அதுக்கப்புறம் வந்ததுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை."

ஆதிகேசவன் அசையவில்லை. பேசக் கூடாது என்ற உத்தரவை அவர் ஒருவர்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். காற்று மாதிரிக் குரலில், "லில்லிம்மா, இத என்ன பண்றது?" என்றார்.

"அந்தக் கழி நுனியில வெச்சு மேல நீட்டுங்க சார்."

விரட்ட எடுத்த அதே கழி. மூங்கில் பிளவில் மீனைச் செருகி, எட்டுமட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். கருடன் ஒரு சுற்றுத் தாழ்ந்து, அவர் தலைக்கு மேல் காற்று கிழிய வந்து, கால் நகத்தால் மீனைக் கொத்தாக எடுத்துக்கொண்டு நேராக இலுப்பை மரத்துக்குப் போயிற்று. குஞ்சு பார்த்தது. ஒரு முறை குந்தியது. பிறகு கைக்குட்டையை உதறிப் போட்டது மாதிரித் தடுமாறித் தடுமாறி, பந்தலை உரசி, ரம்பக்காரர்கள் தலைக்கு மேல் பறந்து, கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் போய் விழுந்தது. வெறுங்கழியைத் தூக்கியபடியே ஆதிகேசவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்திருந்தது. சட்டையில் மீன் செதில் மின்னியது, நல்ல சரிகை மாதிரி.

"போய்ச் சேந்துடுச்சு" என்றார் என்னிடம். குரல் ஒரு மாதிரி இருந்தது. "முரளி சார், போய்ச் சேந்துடுச்சு பாத்தீங்களா?"

அப்புறம் அடித்தார்கள் பாருங்கள் மேளம்! சேர்மன் லில்லியிடம் ஓடி வந்தார். "என்ன வேணும் கேளும்மா. மரத்தைச் சுத்தி கிரானைட் மேடை கட்டவா? கலர் லைட் போடவா? கூட்டுக்குப் பித்தளையில தகடு?"

"ஒண்ணும் பண்ணாதீங்க ஐயா" என்றாள் லில்லி. "அந்தப் பக்கம் ஒண்ணுமே பண்ணாம இருக்கணும். அதான் வேணும்."

"ஒண்ணுமே பண்ணாமயா?" சேர்மன் தவித்துப்போனார். வாழ்நாளில் அவர் செய்யாத வேலை அது. "அப்போ காரை எங்க நிறுத்துறது?"

கடைசியாகப் பேச எல்லோரும் காத்திருந்தோம். பேசியவர் ஆதிகேசவன். "முன்னாடிதான் அவ்ளோ புல்லு இருக்குதே ஐயா" என்றார்.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்த பிறகு லில்லியைத் தேடினேன். ஸ்டோர்ஸ் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது வரும்னு நெஜமாவே தெரிஞ்சுதான் சொன்னியா?" என்றேன்.

"தெரியாது சார்" என்றாள். குரலே இல்லை. ஆறடிக் குரல் அத்தனையும் 'நிறுத்துங்க' என்ற அந்த ஒரு வார்த்தையில் செலவாகியிருந்தது. "சத்தியமா தெரியாது."

கண்ணாயிரம் இரண்டு இலையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து, தூரத்திலேயே நின்றான். "மேடம், வேட்டு வெச்சதால தான வந்துச்சு? இல்லன்னா குஞ்சு குதிச்சிருக்குமா?" என்றான் பயந்துகொண்டே.

லில்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் குரலும் திரும்பி வந்தது. பொங்கல் வாங்கியதும் தெம்பும் வந்தது. எழுந்து பந்தலை நோக்கி நடந்தாள். அங்கே ரம்பக்காரர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வேலை இல்லை என்றார்களே, திரும்பிப் போவதா இருப்பதா என்று முழித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, ரம்பம் நல்லா அறுக்குமா?" என்றாள் லில்லி.

"இரும்பையே அறுக்கும்மா."

"வாங்க. வடக்கு ஓரத்துல சீமக் கருவேலம் இன்னும் ஒரு வரிச பாக்கி இருக்குது."